ஓரத் தையல்

சப்பாத்து மேசைக்கு வந்ததும் நான் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்து, அடித்தோலின் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்ப்பேன். மேல்தோலைச் சுற்றி ஒரு மெல்லிய தோல்பட்டை ஓடி, அதன்மேல் தையல் நெருக்கமாக விழுந்திருந்தால், கொண்டுவந்தவரை உட்காரச் சொல்லிவிடுவேன். அந்தப் பட்டைக்கு வெல்ட் என்று பெயர். ஆண்கள் கோட்டு சூட்டுக்குப் போடும் உயர்ந்த ரகச் சப்பாத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மேல்தோல், உள்ளடித்தோல், வெல்ட் மூன்றையும் ஒரு தையல் பிணைக்கிறது. வெல்ட்டையும் அடித்தோலையும் வேறொரு தையல் பிணைக்கிறது. அடித்தோல் தேய்ந்துவிட்டால் வெளித்தையலை மட்டும் அறுத்து, பழையதைக் கழற்றி, புதியதை வைத்துத் தைத்துவிடலாம். மேல்தோலில் ஊசி படவே படாது. இரண்டு அடித்தோலுக்கும் நடுவில் தக்கைத் தூளைக் குழைத்து நிரப்பியிருப்பார்கள். நடக்க நடக்க அந்தத் தக்கை போடுகிறவரின் பாதத்துக்குத் தகுந்தபடி அமுங்கிக்கொள்ளும். நன்றாகப் பழகிய ஒருவருடைய சப்பாத்து, அதே அளவுள்ள இன்னொருவருக்கு எங்கேயாவது இடிப்பது இதனால்தான்.

இப்போது போலி வெல்ட்டும் வருகிறது. பட்டையை ஒட்டிவிட்டு, அதன்மேல் அழகுக்குத் தையல் ஓட்டியிருப்பார்கள். அந்தத் தையல் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. உள்ளே பசைதான். கடையில் வாங்கும்போதே கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஓடும் தையல் அடித்தோலின் கீழ்ப்பக்கத்திலும் தெரிய வேண்டும். அல்லது தையலை மறைக்க வெட்டிய கீறல் ஓரத்தை ஒட்டிச் சுற்றிவர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விலை எதுவானாலும் எனக்கு அது ஒட்டுச் சப்பாத்துதான்.

இந்தத் தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ஜூனியர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஒரு தொழிலாளி குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலைக் கையால் இழுத்து இழுத்துத் தைத்த வேலை அது. அவருடைய அப்பா சார்லஸ் குட்இயர்தான் 1839-ல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாமல் குளிரில் விறைக்காமல் இருக்கும் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர். அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் உலகத்துக்கு இவ்வளவு ரப்பர் தேவைப்பட்டிருக்காது. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்க மாட்டார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரில் வந்து இறங்கியிருக்காது. என் தாத்தாவும் கப்பலேறி கோலசிலாங்கூர் பக்கம் வந்திருக்க மாட்டார். அப்பா குட்இயர் எங்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார், மகன் குட்இயர் எனக்குப் பிழைப்பைக் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நான் பிறந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். இன்றைக்கு அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ல் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். எங்கள் தோட்டத்தில் என் சிறுவயதில் இன்னும் பால்மரம்தான். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு உளி பிடித்துப் பால் வெட்டின ஆட்களில் பழைய தலைமுறை வெறுங்காலோடுதான் காட்டில் நடந்தது. அட்டைக்கடியும் முள்ளும் அந்தக் கால்களுக்குப் பழக்கம். பிறகுதான் கறுப்பு ரப்பர் சப்பாத்து வந்தது. 'அடிடாஸ் கம்போங்' என்று இன்றைக்கு மலையேறப் போகும் பிள்ளைகள்கூட வாங்கிப் போடுகிறார்களே, அதே வகை. முழுக்க ரப்பர், ஈரத்துக்கு அஞ்சாது, வழுக்குப் பாறையிலும் பிடிக்கும். மலிவான பொருள்தான். ஆனால் தன் வேலைக்கு அவ்வளவு சரியாக அமைந்த சப்பாத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தோல் சப்பாத்து துரைக்கு உண்டு, கணக்கு எழுதும் கிராணிக்கு உண்டு, மருந்து கொடுக்கும் டிரசருக்கு உண்டு. கிராணி வீட்டுப் படியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிவி பாலிஷ் டப்பா திறக்கும் வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும். எங்கள் லயத்தில் அதே ஞாயிறு பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்துக்கு வெள்ளை பூசும் நாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அளவெடுத்துக் கையால் சப்பாத்து தைப்பவர் அவர். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நாலு எழுத்து படிச்சிட்டுத் தோலைத் தொடப் போறியா? லயத்துல நாலு பேரு என்ன பேசுவான்?" என்றார். அவர் பயந்தது சம்பளத்துக்காக அல்ல. தோல் வேலை செய்கிறவனை ஒரு சாதிப் பெயரால் கூப்பிட்டு மட்டம்தட்டும் வழக்கத்தை நம்மவர்கள் கப்பலிலேயே கொண்டுவந்திருந்தார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பிரட்டில் நின்று, ஒரே பால் வெட்டினாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. என்னையும் சொன்னார்கள். திருமணத்துக்குப் பெண் பார்த்தபோதும் அது குறுக்கே வந்தது. ஆனால் சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் நார்தாம்டன் ஊர்க் கால்பந்துக் குழுவின் செல்லப்பெயரே 'சப்பாத்து தைப்பவர்கள்' என்பதுதான். ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கூவி ஆதரிக்கிறது. அதைக் கேள்விப்பட்ட நாளில் என் அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன்.

தவுக்கே மலாயில்தான் சொல்லிக்கொடுப்பார். "பெலான் பெலான்", அதாவது மெல்ல மெல்ல, என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பாதத்தின் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின்மேல் மேல்தோலை இழுத்துப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான பாடம். மாட்டின் முதுகுத்தோல் ஒரு மாதிரி இழுபடும், வயிற்றுத்தோல் வேறு மாதிரி இழுபடும். இடது சப்பாத்துக்கும் வலது சப்பாத்துக்கும் தோலின் ஒரே பகுதியிலிருந்து, ஒரே வாட்டத்தில் வெட்டாவிட்டால் ஆறு மாதத்தில் ஒன்று அகன்றுவிடும், மற்றது அப்படியே இருக்கும். நல்ல சப்பாத்துக்கு அவ்வளவு விலை கேட்பதில் ஒரு பங்கு, இப்படித் தோலை வெட்டுகிறவர் ஒதுக்கித் தள்ளும் துண்டுகளுக்காகத்தான்.

தோலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. கன்றின் தோலில் துளைகள் நுண்மையாக இருக்கும். மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோல் வளைந்தால் மெல்லிய மடிப்பு விழும். கையை எடுத்தால் பாதி மறையும். தழும்பும் பூச்சிக்கடியும் உள்ள தோலைத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருந்தால் புதிதில் கண்ணாடிபோல் மின்னும். ஓராண்டில் மடிப்பில் வெடித்து உதிரும். அதற்கு எந்த வைத்தியமும் இல்லை. குதிரையின் பிட்டப் பகுதியிலிருந்து எடுக்கும் கார்டவன் வேறு உலகம். சிகாகோவில் 1905-லிருந்து இயங்கும் ஹார்வீன் பதனிடு ஆலையில் ஒரு கார்டவன் தயாராக ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கிறது. அதில் மடிப்பே விழாது. அலை அலையாகச் சுருளும். அடித்தோலுக்கு என்றால் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கோலிடன் ஊரில் பேக்கர் குடும்பத்தார் ஓக் மரப்பட்டைத் தொட்டியில் ஓராண்டுக்கு மேல் ஊறவைத்து எடுப்பதைச் சொல்ல வேண்டும். வெட்டும்போது கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும், ஆனால் சாலையில் தேயாது.

இதை நம் ஆட்களும் அறியாதவர்கள் அல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆம்பூருக்குப் போய்ப் பார்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் இந்தத் தொழிலோடு ஒட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியப் பெயர் பொறித்து விற்கும் சப்பாத்துகள் பலவற்றின் மேல்தோலைத் தைப்பது தமிழ்ப் பெண்கள்தான். ஒரு தங்கை மேல்தோலில் அழகுக்குப் போடும் பூக்கண் துளைகளை வரிசையாகக் குத்தின வேகத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். சென்னையிலிருந்து பிரிட்லன் என்ற நிறுவனம் குட்இயர் வெல்ட் சப்பாத்தைத் தன் பெயரிலேயே உலகத்துக்கு விற்கிறது. அடையாற்றில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இதே தொழில்தான் பாலாற்றையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. தோலின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த ஆற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சப்பாத்து நெடுநாள் உழைத்தால் பதனிட வேண்டிய தோல் குறையும் என்பது என் வாதம்.

என் கடை கோலசிலாங்கூர்ப் பழைய பட்டணத்தில், மலாவாத்தி மலைக்குக் கீழே, ஐந்தடி நடைபாதையில். முன்பு செக்கிஞ்சானிலிருந்து ஆசிரியர்களும் தஞ்சோங் காராங்கிலிருந்து வங்கி ஊழியர்களும் வருவார்கள். ஒட்டு வேலை, குதி மாற்றும் வேலை. 2011-ல் லத்தார் விரைவுச்சாலை திறந்தபிறகு கோலாலம்பூர் பக்கத்துச் சப்பாத்து ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். பொறியாளர்கள், வழக்குரைஞர்கள், வங்கியில் இருக்கும் இளைஞர்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உண்டு. எட்வர்ட் கிரீன், கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் என்று நார்தாம்டன் பெயர்களைக் கோயில் பெயர்போல் சொல்லுவார்கள். ஒரு ஜோடி மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் இதைப் பணத்திமிர் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஷா ஆலாமிலிருந்து வரும் ஒரு பிள்ளை சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு ஜோடி வாங்கினான். "அண்ணே, ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவான். ஒரு பொருளைச் செய்தவருடைய கையை இவ்வளவு உற்றுப் பார்க்கிற ஆளை எந்தத் தொழிலாளிக்குத்தான் பிடிக்காது?

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது அகலத்தைப் பற்றி. ஆங்கிலேயர் மரக்கட்டைகள் பல ஒடுங்கினவை. வெறுங்காலோடும் சிலிப்பரோடும் வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளத்தை ஏற்றி வாங்கிச் சமாளிக்கக் கூடாது. அப்போது சப்பாத்து வளையும் இடமும் விரல் வளையும் இடமும் ஒத்துவராது. அகலத்தைக் குறிக்கும் எழுத்தில் பெரியதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, நம் பழக்கம். ஒரு நாளில் எத்தனை முறை சப்பாத்தைக் கழற்றுகிறோம்! வீட்டு வாசல், கோயில் வாசல், சாவு வீடு, கல்யாண வீடு. கயிற்றை அவிழ்க்காமல் குதியால் மிதித்துக் கழற்றி, மறுபடி விரலை விட்டு நெம்பி நுழைத்தால் பின்பக்கத்து விறைப்புத் தோல் நொறுங்கிவிடும். என்னிடம் வரும் நல்ல சப்பாத்துகளில் அடித்தோல் தேய்ந்ததைவிடப் பின்பக்கம் சரிந்ததுதான் அதிகம். அதைச் சரிசெய்ய உள்துணியைப் பிரித்து, புதுத் துண்டை வைத்து, மறுபடி கட்டையில் ஏற்றி இழுக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சின்னச் சப்பாத்துக் கரண்டி இருந்தால் அவ்வளவும் மிச்சம். அடிக்கடி கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கயிறில்லாத லோஃபர்தான் நல்லது என்பேன்.

ஈரம்தான் இந்த ஊரில் பெரும் பகை. கடற்கரையும் சதுப்பும் வயலும் சூழ்ந்த இடம். பெட்டியில் பூட்டிவைத்த தோல் சப்பாத்தில் சில வாரத்திலேயே பச்சை பூத்துவிடும். உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்துவிட்டு, காடியில் தண்ணீர் கலந்து மெல்ல ஒற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் வைத்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய் வெடிக்கும். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு. உள்ளே வைக்கத் தேவதாருக் கட்டை வாங்க வசதியில்லாவிட்டால் பழைய செய்தித்தாளைத் திணித்தாலே போதும். மெழுகுப் பூச்சு முன்முனைக்கும் குதிக்கும் மட்டும். வளையும் இடத்தில் தடிப்பாகப் பூசினால் வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கே கிரீம்தான். மழை பெய்யும் ஊரில் தோல் அடி வழுக்கும் என்பதால் அதன்மேல் மெல்லிய ரப்பர்த் தகடு ஒட்டித் தருகிறேன். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் செய்யும் டைனைட் என்ற குமிழ் ரப்பர் அடியை நார்தாம்டன்காரர்களே தம் உயர்ந்த ரகங்களுக்குப் போடுகிறார்கள். மழை ஊர்க்காரர்களுக்கு மழை தெரியும்.

கல்யாணத்துக்கென்று வாங்கி ஒரு தடவை போட்டு, பிறகு ஐந்தாறு ஆண்டு பெட்டியில் வைத்த சப்பாத்தை எடுத்து வருவார்கள். மேலே புதிதாக இருக்கும், அடி பொடிப்பொடியாக உதிரும். அது பாலியூரித்தேன் அடி. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியை மெல்ல அறுத்துவிடுகிறது. போடாமல் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஒருவர் மகளின் திருமணத்தன்று காலையில் அப்படிப்பட்ட சப்பாத்தோடு ஓடிவந்து கண் கலங்கி நின்றார். அன்றைக்கு ரப்பர் அடி ஒட்டி அனுப்பினேன். வெல்ட் இருந்திருந்தால் தைத்தே கொடுத்திருக்கலாம்.

தோட்டத்து ரப்பருக்கும் இந்தச் சப்பாத்து உலகத்துக்கும் இன்னொரு நேரடி உறவு உண்டு. வெளிறிய கிரேப். பாலில் நிறம் மங்காமலிருக்க சோடியம் பைசல்பைட் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, தண்ணீர் ஓட ஓட உருளைகளில் மெல்லிய ஏடாக இழுத்து, புகை படாமல் உலர்த்தி, ஏட்டின்மேல் ஏட்டை அடுக்கி அழுத்தினால் சப்பாத்து அடிக்கான கிரேப். எங்கள் தோட்டத்தில் புகைக்கூட்டில் தொங்கினது ஷீட் மட்டும்தான். கிரேப் போட்ட தோட்டங்களும் இருந்தன. பர்மாவுக்குப் போன நேதன் கிளார்க் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சக அதிகாரிகள் கெய்ரோ சந்தையில் சொல்லித் தைத்து வாங்கிய கிரேப் அடிச் சப்பாத்தைப் பார்த்துத்தான் 1950-ல் டெசர்ட் பூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கந்தகம் சேர்க்காத ரப்பர் அது. மெத்தென்றிருக்கும், நம் வெயிலில் கொஞ்சம் ஒட்டும், தூசியை இழுக்கும். அது என் மேசைக்கு வரும்போதெல்லாம் முகர்ந்து பார்ப்பேன்.

ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்து டிரசர் ஐயா சில ஆண்டுகளுக்கு முன் பழுப்பு நிறப் பூக்கண் சப்பாத்து ஒன்றைத் துணிப்பையில் கொண்டுவந்தார். "தம்பி, தொர சீமைக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனது. பேரன் கல்யாணத்துக்குப் போடணும்." அடித்தோலில் நார்தாம்டன் முத்திரை பாதி அழிந்திருந்தது. மேல்தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரம் தவறாமல் துடைத்திருக்கிறார். அடியைப் பிரித்தேன். தக்கை காய்ந்து தூளாகக் கிடந்தது. உள்ளடித்தோலில் ஒடுங்கின பாதம் ஒன்றின் விரல் பள்ளங்கள் ஆழமாகவும், அவற்றுக்கு வெளியே அகன்ற பாதம் ஒன்றின் பள்ளங்கள் சற்று மேலாகவும் பதிந்திருந்தன. தொட்டாலே பிய்யும் வெல்ட்டை நீக்கிவிட்டு, பழைய துளைகளிலேயே கையால் புது வெல்ட் தைத்தேன். புதுத் தக்கை, புது அடித்தோல், புதுக் குதி. ஐயா போட்டு நடந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது என்னோடது" என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

கிள்ளானில் தவுக்கே கடை இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கையால் வெல்ட் தைக்கத் தெரிந்தவர்கள் சிலாங்கூரில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறோம், எல்லாரும் வயதானவர்கள். நல்ல சப்பாத்து வாங்குகிற இளைஞர்கள் பெருகுகிறார்கள், அதை அடுத்த இருபது ஆண்டு தூக்கி நிறுத்தும் கை குறைந்துகொண்டே வருகிறது. அடி மாற்ற நார்தாம்டனுக்குத் தபாலில் அனுப்பினால் போகவர ஆகும் செலவில் இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிப்பு ஏறாத பிள்ளை, ஆனால் கை நிதானமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் என்னிடமோ என்னைப்போன்ற வேறொருவரிடமோ அனுப்புங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் சரி. எந்தச் சாதி என்று இந்த மேசையில் யாரும் கேட்க மாட்டார்கள். கற்கும் காலத்திலும் சம்பளம் உண்டு, குத்தூசியும் கத்தியும் நான் தருகிறேன். கடை திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.